பக்கத்து வீட்டம்மாவின் நீல ஷூ

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலில், வீட்டில் யாருடையதும் அல்லாத ஒரு ஜோடி நீலக் கேன்வாஸ் ஷூ உண்டு. பக்கத்து வீட்டம்மாவுடையது. அந்தக் காலத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால், நாங்கள் செய்வதைப் பார்த்து வாசலில் ஷூவைக் கழற்றுவார். ஆனால் அதைக் கையோடு உள்ளே கொண்டுவந்து நாற்காலிக்கடியில் வைத்துக்கொள்வார். காப்பி குடிக்கும்போதும் ஒரு கால் அதன்மேல்தான் இருக்கும். யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம்போலும், என்று நினைத்துக்கொள்வோம்.

அவர் யூதர். நாஜிகள் யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், ஹாலந்தில் ஒரு விவசாயி வீட்டுப் பரணில் ஒளிந்து பிழைத்த சிறுமி. இதைக் கேட்டதும் எங்கள் டைரக்டர் அங்கிளுக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் ஊர்த் தமிழர்களின் பொங்கல் விழாவுக்கு வருடா வருடம் நாடகம் போடுகிறவர் அவர். அனுமதி கேட்டார். அந்தம்மாவும் கொடுத்தார், முன்வரிசையில் இடம் வேண்டும் என்ற நிபந்தனையோடு. அன்றே அங்கிளுக்குத் தூக்கம் போயிற்று. "அவங்க லைஃப்மா இது! காமெடி ஆக்கிட்டோம்னா அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று ரிகர்சலுக்கு ரிகர்சல் புலம்புவார். ரிகர்சல் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், எல்லோரும் வெறுங்காலோடு. அங்கேதான் கோட்டை விட்டோம்.

எனக்கு விவசாயியின் மனைவி வேடம். விழா அன்று மேடையில் கதவு தட்டப்பட்டது, திறந்தேன். ஒளிய வந்த குடும்பம் மொத்தமும் சமர்த்தாக வாசலில் ஷூவைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டுப் பரணில் ஏறிவிட்டது! அடுத்து வந்த நாஜி சிப்பாய் எங்கள் பல் டாக்டர். ஷூ வரிசையைப் பார்த்தார். பழக்கதோஷம், தானும் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். அரங்கமே சிரித்தது. ஓரத்தில் அங்கிள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு வசனம் மறந்தே போயிற்று.

அப்போது முன்வரிசையில் பக்கத்து வீட்டம்மா எழுந்து நின்று கத்தினார்: "பொட்டேட்டோஸ்! அண்டர் தி பொட்டேட்டோஸ்!"

மேடையில் ஒரு கூடை உருளைக்கிழங்கு இருந்தது. டாக்டர் பூட்ஸ் நாடாவோடு மல்லாடி முடிப்பதற்குள் எல்லா ஷூவையும் அள்ளிக் கூடையில் போட்டுக் கிழங்கால் மூடினேன். சிப்பாய் தேடிவிட்டு வெறுங்கையோடு போனார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நாடகம் முடிந்ததும் அங்கிள் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அந்தம்மாவோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னைக் காப்பாற்றியவளும் என் ஷூவை உருளைக்கிழங்குக்கு அடியில்தான் ஒளித்து வைப்பாள். வாசலில் ஒரு சின்ன ஷூ அதிகமாகக் கிடந்தால் போதும், எல்லோரையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பாள். அதை நினைத்து இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தேன்" என்றார் ஆங்கிலத்தில். நாற்காலிக்கடியில் இருந்த அந்த ஷூ எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான்தான் அழுதேன்.

அடுத்த முறை அவர் வெறுங்கையோடு உள்ளே வந்தார். எட்டிப் பார்த்தேன். குழந்தைகளின் செருப்புகளுக்கு நடுவே நீல ஷூ, ஒன்று குப்புறக் கிடந்தது.

இப்போது அவர் டெக்சாஸில் மகளோடு இருக்கிறார். விடைபெற வந்த அன்று காரில் ஏறும்போது வேறு ஷூ போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "நீல ஷூவை மறந்துட்டுப் போயிட்டீங்களே, அனுப்பி வைக்கட்டுமா?" என்று போனில் கேட்டேன்.

"மறக்கவில்லை. வாசலிலேயே கிடக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்" என்றார்.