மூன்று நாள் குடித்த மருந்து

நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன். அன்றைய பாடம் ஆபிரிக்கச் சமூகங்களைப் பற்றியது: நோயே இல்லாத பிள்ளைகள் பலரின் மூக்கில் நிமோனியாக் கிருமி சும்மா குடியிருக்கிறது, அதில் கொஞ்சம் வழக்கமான அன்டிபயோட்டிக்குக்கு அடங்குவதில்லை. பிரெஞ்சு பேசும் எங்கள் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், அக்கா வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்ற முன்னரே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். என் வாய்தான் என் எதிரி.

அடுத்த வாரம் போனபோது மருமகன், அக்காவின் குட்டி மகன், வீட்டில் நின்றான், மூக்கு ஒழுகியபடி. கீழ்மாடியில் கமரூன்காரப் பெண் ஒருவர் தன் வீட்டிலேயே நடத்தும் கார்டெரியில், பிள்ளை பராமரிப்பகத்தில்தான், அவன் பகலில் இருப்பான். அவர் ஊட்டினால்தான் சாப்பிடுவான்.

"இனி அங்க விடமாட்டன். நீதானே சொன்னனி, அவையின்ர மூக்கில கிருமி, மருந்தும் கேக்காதெண்டு."

"விசரே அக்கா? அவ இஞ்ச வந்து எத்தினை வரியம்! உன்ர மகன்ர மூக்கிலயும் அந்தக் கிருமி இருக்கும்."

"வாயைக் கழுவடா!"

பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஒரு போத்தலில் பாதி ரோஸ் நிற அன்டிபயோட்டிக் பாணி.

"அது போன மாசம் இவன்ர காது நோவுக்கு டொக்டர் தந்தது. மூண்டு நாளில சுகம். மிச்சத்தை வீசுறதே? லவாலில இருக்கிற மச்சாளின்ர பிள்ளைக்கும் குடுத்தனான். காலமை இவனுக்கும் ஒரு கரண்டி."

பக்கத்தில் கொழும்பிலிருந்து பெட்டிக்குள் வந்த குளிசைகள், எந்த டொக்டரும் எழுதாதவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டொக்டரே இல்லாத ஊரில் கிடைத்த நாலு குளிசையை விழுங்குபவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி! மருந்துக்கு அடங்காத கிருமியைச் சொந்தச் சமையலறையில் வளர்த்துக்கொண்டு, கீழ்மாடிக்காரியைக் கண்டு பயமாம்.

கதவு தட்டப்பட்டது. அவரேதான், பிள்ளையைக் காணவில்லையே என்று. மருமகன் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். அவனுடைய மூக்கைத் துடைத்தபடி, மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார்.

அக்காவுக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. "இல்லையெண்டு சொல்லு," என்றாள்.

நான் உள்ளதைச் சொன்னேன், பழைய போத்தல், மூன்று நாள், காலையில் ஒரு கரண்டி என்று. அவர் முகம் இறுகியது. நிதானமாக ஏதோ சொல்லிவிட்டு, அவன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவன் வீறிட்டு அழுதான்.

"என்னவாம்?"

"டொக்டரிட்டக் காட்டிப்போட்டுத்தான் கொண்டுவரட்டாம். அங்க மற்றப் பிள்ளையளும் இருக்கினமாம்."

"எங்கட பிள்ளையையோ வேண்டாமெண்டுறா?" என்றாள் அக்கா. "அவவோ?"