வெந்நீர்ப் பானையில் ஏறிய காய்ச்சல்

நேற்று ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். நர்ஸ் பெண் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கையில் வைத்ததும் ஊசியே மறந்துவிட்டது. மூக்கு என்னைப் பாறசாலைப் பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது. மகாராஜா காலம். நான் அங்கே கம்பவுண்டர் வேலை பழகிக்கொண்டிருந்தேன்.

முதல் பாடம் நாடி பார்ப்பது. கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதில் நம் நாடியே துடிக்கும். இது புரிவதற்குள் ஒரு வெற்றிலை வியாபாரிக்குக் கடுங்காய்ச்சல் என்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். துடித்தது என் பயம். பாவம், அவர் காலில் தைத்த முள்ளை எடுக்க வந்தவர். அடுத்த பாடம் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழல். ஆஸ்பத்திரிக்கே ஒன்றுதான். ஸ்பிரிட்டில் துடைத்து, உதறி, நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும்.

அந்தக் குழலோடுதான் டாக்டர் என்னைக் காரோடு என்ற ஊரில் ஒரு சைவப் பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். பிள்ளை தாலுகா கச்சேரியில் கணக்கெழுதி ஓய்ந்தவர். அவர் மருமகளுக்குப் பிரசவக் காய்ச்சல். தீட்டுக் கழியாதவள் நடை தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு முறை. ஆனாலும், குழல் நூற்றிமூன்றுக்கு மேல் காட்டினால் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

நான் போனபோது பிள்ளை குளத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி பிரசவ அறை வாசலை மறித்தாள்.

"கண்டவனுக்க வாயில வெச்ச சாதனமாக்கும். எச்சிலு இல்லியா?"

"ஸ்பிரிட்டுல தொடச்சாச்சு, அம்மை."

"அது என்னது?"

"சாராயம் மாதிரி ஒண்ணு" என்றேன். என் நாக்கில் சனி.

"சிவ சிவா!" முந்தானையால் குழலைப் பிடுங்கி, மருமகள் குளிக்கக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்ப் பானையில் முக்கிவிட்டாள். எடுத்து வாழையிலையில் வைத்தபோது அடிக்குமிழ் கீறியிருந்தது. மேலே ஏறிய பாதரசம் உச்சியிலேயே நின்றுவிட்டது. இனி அது யாருடைய சூட்டையும் சொல்லாது.

அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டது.

"நீங்க பிடிச்சுப் பாருங்க. எனக்கு எம் பிள்ளைய வளக்கணும்."

விரல்களை வைத்தேன். நாடி பறந்தது, தோல் அடுப்புக்கல்லாகச் சுட்டது. "உடனே கொண்டுபோகணும் அம்மை" என்றேன்.

"ஒனக்க வெரலு சொன்னா அவிய கேப்பாவளா, மக்கா? குழலு சொல்லணுமே." அம்மை குளத்துப் பாதையை எட்டிப் பார்த்தாள்.

பிள்ளை ஈரத்துண்டோடு வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலையில் கிடந்த குழலைக் குனிந்து பார்த்தார். கீறல் அவர் கண்ணில் படவில்லை.

"நூத்திப்பத்தா! எலே, வண்டியக் கெட்டுலே!" என்று வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

நூற்றிப்பத்தில் மனுஷன் பேசுவானா? கணக்கில் புலியாக இருந்தும் அவருக்கு அது தோன்றவில்லை. நான் அம்மையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், அப்படியே மூடிக்கொண்டாள். நான் கீறல் தெரியாமல் குழலை இலையோடு சுருட்டினேன்.

வண்டியில் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மையே ஏறி உட்கார்ந்தாள். "தீட்டாக்கும்" என்றார் பிள்ளை.

"வந்து குளிச்சாப் போச்சு. வண்டிய விடச் சொல்லுங்க."

மருமகள் பிழைத்தாள். குழந்தையை வளர்த்து ஆளாக்கினாள். அம்மையைப் பிறகு கோயில் நடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "சொகமா மக்கா?" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ராஜாங்கம் போயிற்று, டாக்டர் போனார், பிள்ளை போனார், பிரசவ அறையை இடித்து அங்கே நெல் காயப்போடுகிறார்கள். அம்மையும் மருமகளும் போய்விட்டார்கள். அன்று குழல் காட்டியது பானையின் சூடு என்று தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.