பாங்கு கேட்ட பட்டணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்குக் கலியாணம் நடந்த வருஷம், என் நானா கண்டிக்குத் திரும்பி வந்தார். பம்பாயில் வியாபாரம் பழகப் போன மூத்த சகோதரர். அங்கே வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, முதலாம் உலக யுத்தத்தில் இராக்கில் துருக்கியரோடு சண்டை போட்டவர். யுத்தம் முடிந்தபின் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. வாப்பா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமையே இருவருக்கும் பேச்சு நின்றது. நானா பள்ளிவாசலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். மழையென்றாலும் போவார். ராத்திரியில் தூங்குவதும் இல்லை. ஏதோ பிடித்திருக்கிறது என்று உம்மா தண்ணீர் ஓதி வாங்கி வந்து கொடுத்தார். மரியாதையாகக் குடித்துவிட்டு, மறுபடியும் மழையில் போய் நின்றார்.

ஒருநாள் வீட்டில் வேறு யாருமில்லை. மத்தியான லுஹர் பாங்கு கேட்டதும் அவர் பின்னாலேயே போனேன்.

"என்னத்துக்கு நானா இப்படி ஓடுறீங்க?"

"ஆத்தங்கரையில ஒரு பட்டணம், தங்கச்சி. வூடு வூடாப் பூந்து அடிச்சம். சந்து நிறைய செத்தவங்கட மையத்து. மிதிக்காம நடக்க ஏலாது. விடியக்க பாங்கு கேட்டிச்சு. எங்கட பட்டாளத்து முஸ்லிம் ஆளுகளுக்கும் கேட்டிச்சு. ஒத்தரும் சுடுறத நிப்பாட்டல்ல."

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு வூட்டுக்குள்ள துருக்கிச் சிப்பாய் ஒருத்தன். வாப்பாட வயசு. துவக்குல குண்டில்ல. விரல உசத்திக் கலிமா ஓதத் தொடங்கினான். அதுக்குள்ள என்ட துவக்குக் கத்தி நெஞ்சுல எறங்கிட்டு. இழுத்தன். வரல்ல. என்னயப் பாத்துக்கிட்டே மிச்சத்தயும் ஓதி முடிச்சான்."

நானாவின் தோளைத் தொட்டேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

முப்பதுகளின் நடுவில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. கடுகண்ணாவை மலைக்குக் கீழே இருந்த ஊர்களில் மையத்தைக் குளிப்பாட்டக்கூட ஆளில்லை. யாரும் கேட்காமலே நானா அந்த வேலைக்குப் போனார். சோறு கொண்டுபோன என் கணவர் திரும்பி வந்து சொன்னார்: வயதானவர் மையத்தென்றால் நெஞ்சுக்கு வந்ததும் நானாவின் கை நின்றுவிடுகிறதாம். விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாராம். காயம் எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறாராம்.

காய்ச்சல் ஓய்ந்த பிறகும் அவர் வரவில்லை. உம்மா ஆளனுப்பினார். போனவர் நானாவின் பதிலோடு வந்தார்.

"இங்க எல்லாரும் நோவுல மௌத்தாப் போனவங்க, ஒத்தரும் கத்தியால இல்ல. எனக்கு ராவையில கொஞ்சம் தூக்கம் வருது. இங்கேயே இரிக்கிறன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று வாப்பா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.