கிடை மண்ணும் கரட்டு மண்ணும்

மண் பரிசோதனைக் கூடத்தில் காலம் தள்ளும் என் சக பாவிகளே, நம்மிடம் வருகிற மண் ஒருநாளும் காட்டில் கிடக்கிற மண்ணாக இருப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

பொறுக்கி எடுத்த மண்

ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து பாண்டி அண்ணன் வந்தார். செம்மறி ஆடு வளர்ப்பவர். மேய்ச்சல் காட்டில் புல் வகை ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது, இப்படியே போனால் ஆடுகளை விற்றுவிட்டு மில் வேலைக்குத்தான் போக வேண்டும் என்றார். கொண்டுவந்த மண் காப்பிப்பொடி மாதிரி இருந்தது. சோதித்தால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாமே அதிகம். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். ராத்திரி ஆடு அடைக்கிற கிடையில் எடுத்தாராம்.

"சார், சோதிக்கிறதுக்குன்னு கொண்டாரோம், மட்டமான மண்ணையா கொண்டாருவாக?"

கரட்டில் கண்டது

நேரில் போனேன். கிடை போட்ட இடமெல்லாம் இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியக் களை. புல் பேருக்குக்கூட இல்லை. எதிரே சரளைக் கரடு; கால் வைத்தால் சுண்ணாம்புக் கல் குத்துகிறது. அங்கே கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், கொழிஞ்சி, பெயர் தெரியாத பொடிப்பூக்கள் என்று ஒரே ஜனக்கூட்டம். ஆடுகளும் அங்கேதான் மேய்ந்தன.

அந்தக் கரட்டு மண்ணை எடுத்துவந்து சோதித்தால் எல்லாச் சத்தும் குறைவு. பைகளை மாற்றிவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். அதே விடை. பக்கத்து மேஜை ஸ்டெல்லா மேடம் எட்டிப் பார்த்தார்.

"கொழுத்த இடத்துல முரடன் ஒருத்தன் வேகமா வளந்து மத்ததையெல்லாம் அமுக்கிருவான். இல்லாத இடத்துல யாரும் யாரையும் அமுக்க முடியாது. பாடத்துல இருந்துச்சே, தூங்கிட்டீங்களா?"

கம்ப்யூட்டர் சொன்னது

சத்து குறைவு என்று பதிந்தாலே, எரு போடச் சொல்லி நம் கம்ப்யூட்டர் தானாக அச்சடித்துவிடும். புல்லா நெல்லா என்று கேட்காது. மேடம் சொன்னதை அசைபோட்டபடியே அந்தத் தாளைப் பாண்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எரு போட்டால் கரடும் கிடை மாதிரி ஆகிவிடுமே என்று மறுநாள்தான் உறைத்தது. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். டிராக்டரில் வந்த கோழி எருவைக் கரட்டின் ஒரு பக்கம் ஏற்கெனவே இறைத்துவிட்டார்கள். மிச்சத்தை யாருடைய கத்தரித் தோட்டத்துக்கோ திருப்பிவிட்டேன். போடச் சொன்னவனே வேண்டாம் என்றால் மனுஷன் என்ன நினைப்பார்? மழைக்குப் பிறகு அவரிடமிருந்து போன் வந்தது.

"நீங்கதேன் தடுத்துப்புட்டீக சார். எரு போட்ட பக்கம் பச்சைப்பசேல்னு ஆளுயரம் வந்திருக்கு. என்ன, ஆடுதேன் வாயே வைக்க மாட்டேங்குது."

மண்ணில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் நமக்கு, ஒன்றும் இல்லாமலிருப்பதும் ஒரு சத்துதான் என்பதை கம்ப்யூட்டரில் எந்தக் கட்டத்தில் பதிவது என்று மட்டும் இன்னும் விளங்கவில்லை.