மீட்டர் பார்க்க வந்தவள் மெயினை அணைத்த கதை

வீடு வீடாகப் போய் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு வருவது அவள் வேலை. பக்கத்திலிருக்கும் பியூஸ் பெட்டிக்குள் பல்லி குடித்தனம் நடத்தினாலும் அவள் கேட்கவேண்டியதில்லை. ஆனாலும் அவள் போகிற தெருக்களில் பாதிப்பேர் அவளை 'பியூஸ் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் ஒருநாள் பியூஸ் போனது. கடைக்குப் போகச் சோம்பல்பட்ட மனிதர், அவளுடைய கொண்டை ஊசியை வளைத்து பியூஸ் கட்டையில் செருகி விளக்கை எரியவைத்து, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். மூன்றாம் நாள் சமையலறைச் சுவரிலிருந்து புகை வந்தது. பட்டப்பகலாக இருந்ததால் தப்பித்தார்கள். பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன்தான் விளக்கினார்: பியூஸ் கம்பி மெலிதாக இருப்பதே உருகுவதற்குத்தான். வயர் தாங்காத அளவுக்கு மின்சாரம் பாய்ந்தால், அது முந்திக்கொண்டு உருகி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த இடத்தில் ஊசியைச் செருகினால் ஊசி உருகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் வேகும்.

அன்றிலிருந்து கொண்டை ஊசிகள் பூட்டிய டப்பாவுக்குள் போயின. மீட்டர் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம், பெட்டியையும் ஒருமுறை திறந்து காட்டச் சொல்வாள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், ஆணி, சைக்கிள் கம்பித் துண்டு என்று என்னென்னவோ கிடைக்கும். சிலர் கையோடு ஆள் வரவழைத்துச் சரிசெய்தார்கள். சிலர் வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவள் போய்விடுவாள், அடுத்த மாதம் மறுபடி கேட்பாள்.

ஒரு அச்சகத்தில் மட்டும் அவளால் அப்படிப் போக முடியவில்லை. பின்னறையில் மீட்டரைக் குறிக்கும்போதே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. புறங்கையைக் கிட்டே கொண்டுபோனாள். பெட்டி தோசைக்கல் போலச் சுட்டது. புதிதாக வாங்கிய காகிதம் வெட்டும் எந்திரம் ஓடினாலே பியூஸ் போய்க்கொண்டிருந்ததாம். அச்சகக்காரர் தடித்த செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டிருந்தார்.

"ஒரு மாசமா ஒரு தொந்தரவு இல்லம்மா," என்றார் பெருமையாக.

"அதுதாண்ணே பயமா இருக்கு. முதல்ல மெயினை அணைங்க."

மதியத்துக்குள் பரீட்சைத் தாள் போய்ச் சேரவேண்டும், இப்போது முடியாது என்றார் அவர். அவள் எட்டி மெயினைக் கீழே இழுத்துவிட்டாள். எந்திரங்கள் முனகிக்கொண்டே நின்றன. திரும்பப் போடவந்த மனிதருக்குக் குறுக்கே பெட்டியை மறைத்து நின்றாள். அவர் கத்தினார், அவளுடைய அதிகாரிக்கே போன் போட்டார். உடனே ஆபீசுக்கு வரச்சொல்லி அதிகாரி அதட்டினார். ஆனாலும் அவள் நகரவில்லை.

"எலக்ட்ரீஷியன் வந்து பாக்கட்டும். ஒண்ணுமில்லன்னா, தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எலக்ட்ரீஷியன் வந்துசேர ஒரு மணிநேரம் ஆனது. கூரைப் பலகை ஒன்றை அவர் கழற்றியதும் கரித்தூள் கொட்டியது. வயர்களின் மேலுறை உருகி வழிந்திருந்தது. வெறுங்கம்பிகள் இரண்டும் ஒட்டுவதற்கு நூலிழைதான் பாக்கி. நேர் கீழே, ஆளுயரத்துக்குக் காகிதக் கட்டுகள். அச்சகக்காரர் தானே ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். இறங்கியதும் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

புது வயர் இழுத்து, வெட்டும் எந்திரத்துக்குத் தனி லைன் கொடுத்து, சரியான பியூஸ் போட மூன்று நாள் ஆயிற்று. பரீட்சைத் தாளை வேறொரு அச்சகம் அடித்துக்கொடுத்தது.

அனுமதியில்லாமல் பிறர் மெயினைத் தொட்டதற்காக அவளுக்கு மெமோ வந்தது. புகாரைத் திரும்பப் பெற அச்சகக்காரரே நேரில் வந்து கேட்டும், விதி விதிதான் என்று அதிகாரி கைவிரித்துவிட்டார். அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். மாலையில் அதே அதிகாரி படிக்கட்டில் அவளை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம வீட்டுப் பெட்டியையும் ஒரு தடவை பாத்துடுறீங்களாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அதிகாரியைவிட அவளுக்குத்தான் நிம்மதி.