மான் வேட்டைக்கு நான் வாங்கிய சாமான்கள்

இந்த ஊரில் வாசனையே இல்லாத சோப்பு விற்கிறார்கள். போன நவம்பர் முழுக்க நான் அதில்தான் குளித்தேன். தேய்த்தால் நுரை வரும், மணம் வராது. ஈரம் காய்ந்த பிறகு, குளித்தோமா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதில்தான் குளிக்க வேண்டுமாம். மனித வாடை மூக்கில் பட்டால் மான் வெகு தூரத்திலேயே திரும்பி ஓடிவிடுமாம். குளித்தால் மணக்க வேண்டும் என்று நாற்பத்தெட்டு வருஷம் நம்பி வாழ்ந்தவனுக்கு இது நல்ல தண்டனை.

எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு மாம்பலத்துக்காரர் கேட்டிருந்தார்: "சார், நீங்க வேட்டைக்குப் போனீங்களாமே, என்னென்ன வாங்கணும்?" அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்துதான் இவ்வளவு நீண்டுவிட்டது. எது உதவியது, எது காலை வாரியது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். "வேளச்சேரிப் பையன் அமெரிக்கா போய் மான் சுடுறானாம்" என்று ஊரில் கைகொட்டிச் சிரித்தவர்களும் படிக்கலாம். சிரித்ததில் தப்பில்லை.

எனக்கு மான் மேல் ஒரு விரோதமும் கிடையாது. என் மகள் தாரிணிக்குப் பதினைந்து வயது. இரண்டு வருஷமாக அவள் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. "சாப்பிட்டியாம்மா?" என்றால் "ம்." "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்றால் அதற்கும் "ம்." அப்படிப்பட்டவள் செப்டம்பரில் ஒருநாள் தானாக வந்து, வகுப்புத் தோழியின் அப்பா டேல் மான் சீசனுக்குத் தன் காட்டுக்கு அழைக்கிறார், போகட்டுமா என்று கேட்டாள். அவள் வயதில் துப்பாக்கி பிடித்தால், உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. எனக்கு அது போதும். பெற்ற மகள் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க இந்த நாட்டுச் சட்டமே இடம் போட்டுக் கொடுக்கிறது. இன்னும் மூன்று வருஷத்தில் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள், அப்புறம் அந்த "ம்" கூடக் கிடைக்காது. நான் வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன்.

இனி சாமான்கள். பூட்ஸ் ஏமாற்றம்: கடைக்காரர் பனிக்கரடிக்கே போதும் என்ற மாதிரி பேசினார், ஒரு மணி நேரத்தில் என் கால்விரல்கள் இருந்த இடம் தெரியவில்லை. பைனாகுலர் தண்டம், இலையுதிர்ந்த மரத்தைப் பெரிதாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். உலுக்கினால் சூடாகும் சின்னப் பொட்டலங்கள் உண்டு, கையுறைக்குள் போட்டுக்கொள்ளலாம், அவை தெய்வம். மரத்தில் ஏணி சாய்த்துக் கட்டிய பரணில் உட்கார வேண்டும். விழாமலிருக்க இடுப்பிலும் தொடையிலும் வார் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்த வாரைப் பூட்டவும் கழற்றவும் எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. எல்லாவற்றையும்விட உதவியது, தி. நகர் நடைபாதையில் எப்போதோ வாங்கிய குரங்குக் குல்லாய். மயிலாப்பூரில் மார்கழிக் குளிருக்கு, அதையும் குளிரென்றால், குல்லாய் போட்டு நடக்கும் மாமாக்களை நான் கிண்டல் செய்யாத நாளில்லை. டேலே அதைப் பார்த்து, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

டேல் நல்ல மனிதர். சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து, துணியில் அடித்துக்கொள்ளும் வாடைபோக்கி மருந்து இரண்டு புட்டி கொடுத்தார். "உங்களுக்காகவே வாங்கினேன்" என்றார். நான் பதிலுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தேன். பிறகு காட்டின் வரைபடத்தை மேஜையில் விரித்து, வடக்குப் பரணைத் தொட்டுக் காட்டி, "நீங்கள் இங்கே உட்காருங்கள். காற்றுக்கு இதுதான் உங்களுக்கு நல்ல இடம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைப்போமே, அப்படி ஒரு உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "இருக்கறதுலயே நல்ல இடத்த நமக்குக் குடுத்துட்டாங்கடா" என்று பெருமையடித்தேன். "பெரிய மனுஷன்டா. ஃபோட்டோ எடுத்து அனுப்பு" என்றான் அண்ணன்.

முதல் சனிக்கிழமை. இருட்டு பிரிவதற்குள் பரணில் ஏறிவிட்டோம். விதிப்படி வாசனையில்லாத சோப்பில் குளித்து, துணிக்கெல்லாம் மருந்தடித்திருந்தேன். அதற்கப்புறம் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்தேன். குளிருக்கு மூக்கிலும் மார்பிலும் யூகலிப்டஸ் தைலம் தடவினேன், தாரிணிக்கும் தடவிவிட்டேன். என் மனைவி லதா, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள், ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. மரத்தின் மேல் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஒரு தப்பும் தெரியவில்லை, பயணம் என்றால் பொடி இட்லிதானே. தாரிணி நான்கு சாப்பிட்டாள். மான் மாதிரி உறுமும் குழல் ஒன்று வாங்கியிருந்தேன். நான் ஊதியதும் அது ஏப்பம் மாதிரி ஒலித்தது. தாரிணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கிசுகிசுவென்று பேசத் தொடங்கி, கணக்கு டீச்சர், ஒரு சண்டை, படிக்க விரும்பும் படிப்பு என்று இரண்டு வருஷத்துப் பாக்கியை இரண்டு மணி நேரத்தில் சொன்னாள். மான் வரவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அந்தக் குழலை உதவிய சாமான்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. தெற்கிலும் கிழக்கிலும் டேலின் ஆட்கள் சுடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் ஓர் அணில்கூட எட்டிப்பார்க்கவில்லை. "இந்த ஊர் மானுக்கு ரொம்ப கர்வம்மா. எங்க ஊர் மான் வீட்டுக்கே வரும்" என்றேன். அவள் நம்பவில்லை.

ஆனால் அது உண்மை. நாங்கள் வேளச்சேரியில், கிண்டிக் காட்டின் பக்கமாக இருந்த ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். ஒரு மழையில் தெரு இடுப்பளவு முழுகியது. காட்டுச் சுவர் எங்கேயோ இடிந்து, ஒரு புள்ளிமான் தண்ணீரில் தத்தளித்து வந்து எங்கள் மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டது. நான் அப்போது கல்லூரி மாணவன். கிட்டே போகப் பார்த்த என்னை வாட்ச்மேன் முனுசாமி பிடித்து நிறுத்தினார். "இன்னா நைனா, மேல போய் வுழாத. பயந்துகினு கீது. அது இன்னா பண்ணும் பாவம், அதும் வூட்டாண்டயும் தண்ணி." ஒன்றரை நாள் அது அங்கேயே நின்றது. அம்மா ஸ்டவ் அடுப்பில் பூண்டு ரசம் வைத்தாள், வத்தல் பொரித்தாள். மண்ணெண்ணெய், ஈரத்துணி, அம்மாவின் தலைவலித் தைலம் என்று எட்டு வீட்டு வாடையும் அந்தப் படிக்கட்டில்தான் இறங்கியது. மான் ஓடவில்லை. இரண்டாம் நாள் என் கையிலிருந்து வாழைப்பழத் தோலை வாங்கித் தின்றது. அதன் நாக்கு சொரசொரவென்று இருந்தது.

இதைச் சொல்லி உருக எனக்கு விருப்பமில்லை. தண்ணீர் வடிந்து அது போன நாலாம் நாள், ஏரிக்கரையில் ஒரு மானைத் தெருநாய்கள் கடித்துப் போட்டிருப்பதாக முனுசாமி வந்து சொன்னார். "அதே மானானு தெர்ல நைனா. வயித்த அறுத்துப் பாத்தாங்கோ. உள்ள அல்லாமே கவரு." நாம் வீசியெறியும் பிளாஸ்டிக் பையைத்தான் கவர் என்றார். நம்மிடம் பழகிய மான் நம் குப்பையைத் தின்று சாகிறது, பழகாத மான் பிழைத்துப் போகிறது. நம் ஊரின் பெருமையை நான் இதற்கு மேல் நீட்ட முடியாது.

தேங்க்ஸ்கிவிங் என்று இங்கே கொண்டாடும் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. பரணில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். தாரிணி வேண்டாமென்று தலையசைத்தாள். தைலத்தை நீட்டினேன், அதுவும் வேண்டாமென்றாள். பிறகு காட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நம்மகிட்ட ஸ்மெல் வருதுப்பா. தைலம், எண்ணெய், இட்லிப்பொடி எல்லாம். அதான் டேல் நம்மள இங்க போட்டாரு. இங்கேருந்து காத்து ரோடு பக்கம் போயிடும். மத்தவங்களோட மான் ஓடாது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாள்லேருந்தே."

முதல் நாளே தெரிந்திருந்தும் நான்கு இட்லி சாப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அடுக்குமாடியில் வாடை வெளியே போகாதிருக்க எங்கள் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுச் சமைத்தோம். சொந்த வீடு வாங்கியபோது, இனி அந்தத் துண்டு வேண்டாம் என்று லதா அழுதாள். இப்போது திறந்த காட்டில், மரத்தின் உச்சியில், ஒரு புண்ணியவான் எங்களுக்காகக் காற்றின் திசை பார்த்து இடம் ஒதுக்கியிருக்கிறார். நான் அதை உபசாரமென்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை டேல் தயங்கித் தயங்கி வந்தார். "நாளையும் மறுநாளும் தாரிணி என்னோடு தெற்குப் பரணில் உட்காரட்டுமா? நீங்கள் சம்மதித்தால் மட்டும். விதிக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும்." அவர்மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. தாரிணி என்னைப் பார்க்காமல் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னேன். ஊரில் பெண்ணைக் கொடுக்கும்போதுகூட ஒருவன் இரண்டு நாள் யோசிப்பான்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை வடக்குப் பரணில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வைக்கவில்லை, தைலம் இல்லை, இட்லி இல்லை. வாடை இல்லாதவனாகத்தான் போனேன், அப்போதும் ஒரு மானும் வரவில்லை. ஒன்பது மணி சுமாருக்குத் தெற்கில் ஒரே ஒரு வெடி. எனக்குத் தெரிந்துவிட்டது. வாரைக் கழற்றி இறங்கி ஓடினேன். அவள் கையெல்லாம் ரத்தமாக, அழுகையும் சிரிப்புமாக டேலிடம் ஆங்கிலத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அப்பா! இவ்ளோ கிட்ட வந்துச்சு! என்னையே பாத்துச்சுப்பா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மான் அவளைப் பார்த்த அந்த நிமிஷத்தில் பக்கத்தில் இருந்தவன் நானில்லை. அதை யாராலும் எனக்கு வாங்கித் தர முடியாது. மானோடு இருவரையும் உட்கார வைத்து ஃபோட்டோ எடுத்தேன். அண்ணன் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான்.

"புள்ள கலக்கிட்டாடா! பக்கத்துல யாரு?"

"அவளுக்குச் சொல்லிக்குடுத்தவரு."

"நீ எங்கடா?"

"எடுத்தது நான்தான்."

மாம்பலத்துக்காரருக்குச் சொல்ல வந்தது முடிந்துவிட்டது. சாமான்களையெல்லாம் கட்டி வைத்தாயிற்று. ஆனால் டிசம்பரில் ஒன்று கவனித்தேன். தாரிணி பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகும் கோட்டு, வாசல் அலமாரியில் எங்கள் கோட்டுகளோடு தொங்குவதில்லை. கராஜில், கார் நிறுத்தும் இடத்துச் சுவரில், தானே ஓர் ஆணி அடித்து அதில் மாட்டி வைக்கிறாள். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. கராஜில் ஹீட்டர் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை காலை, வெளியே மைனஸ் பதினெட்டு. கராஜுக்குப் போய் அவள் கோட்டைத் தொட்டேன். துணி விறைத்துப்போயிருந்தது. கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் கதவு வரைக்கும் வந்தேன். உள்ளே லதா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் வீட்டை நிறைத்திருந்தன. இரண்டே அடி உள்ளே வைத்தால் ஹீட்டர் பக்கத்தில் ஐந்து நிமிஷத்தில் கோட்டு சூடாகிவிடும். சூட்டோடு எங்கள் வாசனையும் ஏறிவிடும். ஒரு காலை வீட்டுக்குள்ளும் ஒரு காலைக் குளிரிலும் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வாசற்படியில் நின்றேன். மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. கோட்டைத் திரும்பக் கொண்டுபோய் அந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.