உள்ளே என்ன சார் இருக்கு?

ஊரைச் சுற்றிக் காட்டும் உத்தியோகத்தில் முதலில் மரத்துப்போவது கண்கள்தாம். வெளியூரிலிருந்து வந்த மச்சினர் குடும்பத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் முழுவதையும் காட்டிவிட்டு, திங்கட்கிழமை ஆபீசில் தூங்கி வழிந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அதையே வாரத்துக்கு ஆறு நாள், வருஷக்கணக்கில் செய்தவன் நான். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு தனியார் டூரிஸ்ட் பஸ்ஸில் கைடாக இருந்தேன். வீடு சேலையூர். காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆள் பிடித்து, கோட்டை, மியூசியம், மிருகக்காட்சிசாலை, கபாலி கோயில், சாந்தோம் சர்ச், கடைசியில் மெரினா என்று காட்டிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ வந்தவர்கள். மீதிப் பேர், வழியில் இருக்கும் டி.பி. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு வந்தவர்கள். நோயாளியைச் சாயங்காலம்தான் பார்க்க விடுவார்கள். அதுவரை எங்கே உட்காருவது என்று தெரியாமல் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அழுது சிவந்த கண்களுக்கு நான் மெட்ராஸைக் காட்ட வேண்டும்.

பதினாலு மாடி

அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு வந்தவர்கள் சாமியைப் பார்க்காமல் போனாலும் போவார்கள், மவுண்ட் ரோட்டுப் பதினாலு மாடியைப் பார்க்காமல் போக மாட்டார்கள். பஸ்ஸை ஓரம் கட்டியதும் எல்லோரும் இறங்கி, அண்ணாந்து பார்த்து, விரலை நீட்டி எண்ணுவார்கள். ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு ஒத்துவராது. பன்னிரண்டுதான் இருக்கிறது, ஏமாற்றுகிறாய் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, ஏதோ மீதி இரண்டு மாடியை நான் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்ட மாதிரி.

ஒரு நாள் ஒரு பெரியவர் மட்டும் இறங்கவில்லை. அன்று காலையில்தான் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவர். "நீங்களும் எண்ணிப் பாருங்களேன்" என்றேன். ஜன்னல் வழியாக ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அத்தனை மாடியிலயும் இருக்கிறவங்க நோய் நொடி இல்லாமத்தான் இருக்காங்களா தம்பி?"

ஜன்னல் சாத்துகிறவர்

காலையில் தாம்பரத்திலிருந்து பஸ் கிளம்பிச் சற்று நேரத்தில் ஆஸ்பத்திரி மதில் வந்துவிடும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். "ஏம்பா கிளீனர், அந்தப் பக்கத்து ஷட்டரை எல்லாம் இறக்கு, காத்து வருது பார்" என்று சத்தம் போடுவார்கள். எங்கள் கிளீனர் கருப்பையா வரிசையாக இறக்கிக்கொண்டு போவார். மதில் தாண்டியதும் திரும்ப ஏற்றிவிடுவார்.

அவர் சாத்தூர்ப் பக்கம். முப்பது வயது இருக்கும். அவர் மனைவி பேச்சியம்மாள் அந்த மதிலுக்குள்தான் பல மாதமாகப் படுத்திருக்கிறார் என்பதும், பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே இந்த வேலைக்கு வந்தார் என்பதும் எனக்குச் சில வாரம் கழித்துத்தான் தெரியும். தெரிந்த அன்று மனசு கேட்கவில்லை. "இனிமேல் அந்த ஷட்டர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். "வேண்டாம் சார். நானே மெதுவா எறக்குதேன். நீங்க எறக்குனா டமார்னு சத்தம் கேக்கும், உள்ள தூங்குதவங்க முழிச்சிருவாங்க."

செத்த காலேஜ்

மியூசியத்துக்கு மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். இரண்டிலும் படித்துத் தேறியவர்கள் எங்கள் பயணிகள். கருப்பையா மட்டும் எந்தக் காலேஜிலும் சேரவில்லை. பஸ்ஸில் மூட்டை முடிச்சுகள் இருக்கும். கிளீனர் அதைவிட்டு நகரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. நாங்கள் உள்ளே போய் வரும்வரை அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்.

பஸ் புறப்பட்டதும் என் பக்கத்தில் வந்து நின்று, "உள்ள என்ன சார் இருக்கு?" என்பார். திமிங்கலத்தின் எலும்புக்கூடு என்பேன். அதோடு விட மாட்டார். எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் தலை, பல் இருக்கிறதா, தொட விடுவார்களா? ஏன் இந்த ஆராய்ச்சி என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "சாயங்காலம் அவகிட்ட சொல்லணும் சார். அவ ரொம்பக் குறுக்குக் கேள்வி கேப்பா."

செவ்வாய்க்கிழமை வாள்

கைடு என்றால் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்துத்தான் விற்க வேண்டும். கோட்டையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாள் இருந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை கூட்டத்துக்கு அதை ஒரு தளபதி கையில் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஏறியவர்கள் களைத்துப் போயிருந்தார்கள். அவர்களை உசுப்ப அதே வாளை ஒரு ராஜா கையில் கொடுத்து, அவரை அதே வாளால் சாகடிக்கவும் செய்தேன்.

அகப்பட்டுக்கொண்டேன். பேச்சியம்மாளுக்குப் பக்கத்துக் கட்டில்காரியின் அண்ணன் அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்திருக்கிறார். சாயங்காலம் அவர் தங்கையிடம் ராஜா கதையைச் சொல்ல, பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்து, முதல் நாள் புருஷன் சொன்னபடி தளபதிதான் என்று சாதிக்க, வார்டே இரண்டு கட்சியாகிவிட்டதாம். அந்த வார்டில் இருக்கும் எல்லோருடைய சொந்தக்காரர்களும் என் பஸ்ஸில்தான் ஊர் சுற்றிவிட்டுப் போகிறார்கள் என்பதும், நான் உளறியதெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. படுத்திருக்கும் முப்பது பெண்களுக்குப் பயந்து, அன்றிலிருந்து எல்லா இடத்துக்கும் ஒரே கதையாகச் சொன்னேன். கருப்பையா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த ராசாவைச் சாக விடாம இருந்திருக்கலாம் சார். சாகுற கதைன்னா அங்க யாருக்கும் அன்னைக்குச் சோறு எறங்காது."

கண்ணை எங்கே நிறுத்துவது?

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், கடலை மட்டும் சொல்ல முடியவில்லை. அதைக் கருப்பையாவே பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தார். பெரிசாக இருக்கிறது, நீலமாக இருக்கிறது, அலை வருகிறது போகிறது என்று சொல்லிப் பார்த்தாராம். பேச்சியம்மாளுக்குத் திருப்தி இல்லை. மானம் பார்த்த பூமியில் பிறந்தவர். கண்மாயில் முழுசாகத் தண்ணீர் நின்று பார்த்ததே இரண்டொரு தடவைதான்.

அந்த அம்மாளுக்கு வேறு எந்த இடத்தின் மேலும் ஆசை இல்லை. உடம்பு தேறி வெளியே வந்தால் கடலை மட்டும் ஒரு தடவை பார்க்க வேண்டும். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டு அவருக்குத்தான் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதுவரை சமாளிக்க, கடலைப் பற்றி என்ன சொல்லலாம் என்று யோசித்து, அக்கரை என்பதே கிடையாது என்று சொல்லச் சொன்னேன். மறுநாள் கருப்பையா பதிலோடு வந்தார். "அக்கரை இல்லேன்னா கண்ணை எங்க கொண்டு நிறுத்துறதுன்னு கேக்கா சார்."

இவ்வளவு இடம்

தை பிறந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது, பொங்கலை ஒட்டி ஒரே ஒரு நாள் வெளியே போய் வரலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். வாய்த்த நாள் காணும் பொங்கல். அன்று காலை பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. புதுச்சேலையைச் சுற்றிக்கொண்டு ஒரு ஒல்லியான பெண் கருப்பையாவின் கையைப் பிடித்தபடி ஏறினார். பஸ்ஸில் ஒருவர் எழுந்து, "டி.பி. கேஸை ஏத்துறீங்களே, புள்ளகுட்டிங்க இருக்குதுங்க" என்றார்.

டிரைவர் முனுசாமி பல்லாவரத்துக்காரர். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இன்னா இப்போ? அந்தம்மா எங்க வூட்டுப் பொண்ணு. இஷ்டம் கீறவங்க குந்துங்க, இல்லாதவங்க எறங்கிக்கலாம்." யாரும் இறங்கவில்லை. ஆனால் முன்னால் இருந்த இரண்டு வரிசையும் காலியாகி, பின்னால் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பேச்சியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார், முகமெல்லாம் சந்தோஷம். "ஏங்க, திருநாக் கூட்டம் இடிக்கும்னீங்க, இவ்வளவு எடம் கெடக்கே!"

காணும் பொங்கல்

அன்று பேச்சியம்மாள் எங்கும் இறங்கவில்லை. செத்த காலேஜ் வாசலில் நான் கூட்டத்தோடு உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். பஸ் படிக்கட்டில் கருப்பையா, அவருக்கு மேல்படியில் பேச்சியம்மாள். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாள் கையை ஆட்டி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். என் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார் என்று முனுசாமி பிறகு சொன்னார்.

காணும் பொங்கலன்று மெரினா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ராஸும் சுற்றுப்பட்ட கிராமங்களும் கட்டுச்சோற்றோடு மணலில் இருக்கும். கூட்டத்துக்கு முன் போய்விடலாம் என்று மத்தியானமே திருப்பினோம். அப்படியும் திருவல்லிக்கேணித் தெருவொன்றிலேயே போலீஸ்காரர்கள் எல்லா வண்டிகளையும் மறித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். முனுசாமி இறங்கிப் போய்க் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். நடந்து போகலாம் என்றால் பேச்சியம்மாளுக்கு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. கருப்பையா தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார், அந்த நெரிசலைப் பார்த்து நான் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் வார்டில் இருக்க வேண்டும்.

தெருமுனையில் தெரிந்ததெல்லாம் தலைகள்தாம். தலைகளுக்கு மேலே பலூன், அதற்கு மேலே வானம். பேச்சியம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பின்னாலிருந்து, வண்டியைத் திருப்புங்கள் என்று கத்தினார்கள். அடுத்த மாதம் கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வரலாம் என்று நான் ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் புருஷனிடம் சொன்னார்: "காத்து உப்புக் கரிக்குங்க, நாக்குல தெரியுது. எனக்கு இன்னைக்கு இது போதும், மிச்சத்தை நாளைக்கு வந்து நீங்க சொல்லுங்க."

மிச்சம்

மாசி மாதத்தில் பேச்சியம்மாள் இறந்துபோனார். காரியங்களை முடித்துவிட்டுக் கருப்பையா வேலைக்குத் திரும்பினார். வேறு வேலை பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்க வாய் வரவில்லை. காலையில் மதில் வந்தது. ஷட்டரை இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். எப்போதும் போல மெதுவாகத்தான் இறக்கினார்.

மியூசியத்திலிருந்து திரும்பியதும் அவர் பக்கத்தில் வந்து நிற்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. குறுக்குக் கேள்வி கேட்கப் பேச்சியம்மாள் இல்லை என்று ஆனபிறகு எனக்கும் அந்த வாள் யாருடையதாக இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் மெரினாவில் கூட்டமே இல்லை. கடல் அப்படியே கிடந்தது. பயணிகள் தண்ணீரில் காலை நனைக்க ஓடினார்கள். கருப்பையா கடலுக்கு முதுகைக் காட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "பஸ்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு தடவை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. "பாத்துட்டு வந்து யார்கிட்ட சார் சொல்லுறது?"

மெட்ராஸில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன், ஆனால் திரும்பிப் போனதும் உட்கார வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வேன்.